மாடி வீட்டுக்குள்ள சூடு எந்த வழியா வருதுன்னு கண்டுபிடிச்சு அதை மறிக்கிறது எப்படி

வேலூர்ல மொட்டை மாடிக்கு நேர் கீழ குடியிருக்கவங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்ல. மே மாசம் ராத்திரி பத்து மணிக்குத் தெருவுல நின்னா ஓரளவு காத்து வருது, படியேறி வீட்டுக்குள்ள வந்து ஃபேனைப் போட்டா மேலேர்ந்து அனல்தான் இறங்குது, சுவத்துல கை வெச்சா சுடுது, தலகாணி சுடுது, டேங்க் தண்ணி கூட சுடுது. சூரியன் மறைஞ்சு மூணரை மணி நேரம் ஆச்சு, அப்புறமும் இந்தச் சூடு எங்கேர்ந்து வருது? இதுக்குப் பதில் தெரியாமலே நான் ரெண்டு வருஷம் காசைச் செலவு பண்ணேன். எங்க அம்மாவுக்கு எழுபது வயசாகுது, மதியம் அந்த ரூம்லதான் படுப்பாங்க, அவங்களுக்காகத்தான் இதைத் தோண்டித் தோண்டிப் படிச்சேன், படிச்சதையும் செஞ்சு பார்த்ததையும் இங்க எழுதுறேன்.

முதல்ல நான் பண்ண தப்பு. ஒரு இன்டீரியர் ஆள் வந்து, தளத்துக்குக் கீழ அலுமினிய ஃபாயில் ஷீட் ஒட்டி அதுமேல ஜிப்சம் போர்டு வெச்சு இறுக்கிட்டா சூடு நின்னுடும்னு சொன்னார். ஃபாயில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், அது உண்மைதான். ஆனா அவர் அதைக் காரைக்கும் போர்டுக்கும் நடுவுல இடைவெளியே இல்லாம நசுக்கி வெச்சுட்டார். ஒரு மாசம் கழிச்சு போர்டும் அதே சூடு. அப்பதான் எனக்கு விளங்குச்சு, சூடு மூணு வழியா வரும், ஒரு வழிய மறிக்கிற பொருள் இன்னொரு வழிய அப்படியே திறந்து விட்டுடும், எந்த வழின்னு தெரியாம எதை வாங்கினாலும் அது குருட்டாம்போக்குதான்.

அந்த மூணு வழி என்னன்னா

பள்ளிக்கூடத்துல வெப்பக்கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக்கதிர்வீச்சுன்னு படிச்சிருப்போம், பரீட்சைக்கு எழுதி மறந்திருப்போம். வீட்டுக்குள்ளயே தொட்டுப் பார்த்துக்கலாம்.

கொதிக்கிற காபிய டம்ளர்ல ஊத்தினா விளிம்பு வரைக்கும் சுடுதே, அது கடத்தல். பொருள் நகரல, அதுக்குள்ள இருக்கிற அணுக்கள் பக்கத்துல இருக்கிறதை உலுக்கி உலுக்கிச் சூட்டைக் கை மாத்தி விடுது. உலோகத்துல அதுக்குள்ள சுதந்திரமா ஓடுற எலக்ட்ரான்களும் சேர்ந்து சுமக்கிறதால வேகம் ஜாஸ்தி. சூடான பால் டம்ளர டபராவுக்குள்ள வெச்சு, டபராவைப் பிடிச்சுத் தூக்குறோம் பாருங்க, நடுவுல இருக்கிற காத்து இடைவெளிதான் கையைக் காப்பாத்துது.

சாம்பாரைக் கொதிக்க வைக்கும்போது அடியில சூடானது மேல வந்து மேல இருந்தது கீழ போய் சுழலுதே, அது சலனம். சூடான பகுதி விரிஞ்சு லேசாகி மேல போகும், குளிர்ந்தது கனமா கீழ இறங்கும். காத்துக்கும் அதேதான், அதனாலதான் ஏசிய மேல மாட்டுறாங்க, அந்தக் காலத்து வீடுகள்ல கூரையை ஒட்டி வென்டிலேட்டர் வெச்சாங்க.

மூணாவது கதிர்வீச்சு. விறகடுப்புக்குப் பக்கவாட்டுல ரெண்டடி தள்ளி உக்காந்தா முகம் காயுது, ஆனா சூடான காத்து நேரா மேலதான் போகுது, உங்க பக்கம் வரவே இல்ல. நடுவுல ஒரு அட்டையைப் பிடிங்க, அந்த நொடியே முகத்துல சூடு நின்னுடும். வெளிச்சம் மாதிரியே நேர்கோட்டுல வருது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். 1800-ல வில்லியம் ஹெர்ஷல்ங்கிற வானியல் அறிஞர் சூரிய வெளிச்சத்தைப் பட்டகத்துல பிரிச்சு ஒவ்வொரு நிறத்துலயும் தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தார், சிவப்புக்கு அந்தப் பக்கம், எந்த வெளிச்சமும் தெரியாத இடத்துல வெச்சப்போ அங்கதான் சூடு அதிகமா ஏறுச்சு. அகச்சிவப்புக் கதிர் கண்டுபிடிச்சது அப்படித்தான்.

இந்த மூணாவது வழிக்கு நடுவுல எந்தப் பொருளும் தேவையில்ல. சூரியனுக்கும் நமக்கும் நடுவுல 15 கோடி கிலோமீட்டர், கிட்டத்தட்ட மொத்தமும் வெத்து இடம், அதைத் தாண்டி எட்டு நிமிஷத்துச் சொச்சத்துல வந்து நம்ம மாடியில விழுது. கடத்தலும் சலனமும் அந்த வெத்து இடத்துல ஒரு அடி கூட நகர முடியாது.

முதல் வேலை: உங்க வீட்ல எது ஜாஸ்தின்னு பாருங்க

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு நாள் இதுக்கு ஒதுக்குங்க, நல்ல வெயில் நாளா இருக்கட்டும். சாதாரண ரூம் தெர்மாமீட்டர் ரெண்டு போதும். ஒண்ணைத் தரையிலேர்ந்து ஒரு அடி உயரத்துல வைங்க, இன்னொண்ணை கூரைக்கு அரை அடி கீழ கயிறு கட்டித் தொங்க விடுங்க, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. மேலயும் கீழயும் நாலஞ்சு டிகிரி வித்தியாசம் இருந்தா கூரைக்குக் கீழ சூடான காத்து தேங்கி நிக்குதுன்னு அர்த்தம், அது வெளிய போக வழி இல்ல.

அடுத்தது நான் அட்டை டெஸ்ட்னு சொல்றது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தரையில பாய் போட்டுப் படுங்க, முகத்துக்கு நேரா ஒரு பெரிய அட்டைப் பெட்டியோட பலகையை ரெண்டடி உயரத்துல பிடிங்க. பிடிச்ச உடனே முகத்துல இதமா இருந்தா, எடுத்த உடனே மறுபடி காஞ்சா, உங்களைச் சுடுறது காத்து இல்ல, கூரை. தெர்மாமீட்டர் 34 காட்டும், உடம்புக்கு 38 மாதிரி இருக்கும், ஏன்னா தெர்மாமீட்டர் பெரும்பாலும் காத்தோட சூட்டைச் சொல்லுது, உங்க தோலு காத்தையும் உணருது கூரையிலேர்ந்து வர்ற கதிரையும் உணருது. நம்ம தோலு சுமாரா 34 டிகிரியில இருக்கும். 28 டிகிரி கூரைக்குக் கீழ படுத்தா உடம்பு கூரைக்குச் சூட்டைக் கொடுக்கும், 40 டிகிரி கூரைக்குக் கீழ படுத்தா கூரை உடம்புக்குக் கொடுக்கும், ரூம்ல இருக்கிற காத்து ரெண்டு தடவையும் ஒரே சூட்டுல இருந்தாலும் கூட.

ஃபேன் இந்தக் கதிரை நிறுத்தாது. ஃபேன் முக்கியமா செய்யறது காத்தை நகத்தி வேர்வையைக் காய வைக்கிறதுதான், அது பெரிய உதவிதான், ஆனா ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடினா ரூம் குளிராது.

மூணாவதா, ஒவ்வொரு சுவத்தையும் கூரையையும் கையால தொட்டுப் பாருங்க, மதியம் ரெண்டு மணி, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து. எது எப்ப அதிகமா சுடுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. கூரை எட்டாட்டி நாற்காலி மேல ஏறுங்க, ஆனா ஃபேன் ஓடும்போது ஏறாதீங்க. துப்பாக்கி மாதிரி அகச்சிவப்பு தெர்மாமீட்டர் இருந்தா இன்னும் நல்லது, ஆனா கொரோனா சமயத்துல வாங்குன நெத்தி பார்க்கிற கருவியை அந்த மோட்லயே வெச்சுக் கூரையை அளக்காதீங்க, அது உடம்புச் சூட்டுக்குன்னு சரிபண்ணி வெச்சது. பளபளன்னு இருக்கிற தகரம், ஃபாயில், எவர்சில்வர் மேலயும் அந்தக் கருவி தப்பாத்தான் காட்டும், அங்க ஒரு துண்டு செல்லோ டேப்போ காகித டேப்போ ஒட்டி அது மேல அளக்கணும்.

நான் எழுதி வெச்ச பேப்பர்ல தெளிவா ஒண்ணு தெரிஞ்சுது. மாடித் தரை மேல்பக்கம் மதியம் ஒண்ணு ஒண்ணரைக்கு உச்சத்துல சுடுது, காலை வைக்க முடியல. அதே தளத்தோட கீழ்ப்பக்கம், அதாவது எங்க கூரை, உச்சத்துக்கு வர்றது சாயங்காலம் அஞ்சரை ஆறுக்கு. நடுவுல நாலு மணி நேரத்துக்கு மேல. அஞ்சு இஞ்ச் கான்கிரீட், அதுமேல செங்கல் ஜல்லி, அதுமேல தட்டோடு, அத்தனைக்குள்ளயும் சூடு ஊர்ந்து வர அவ்வளவு நேரம் ஆகுது. நாம வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற நேரமும் அந்தச் சூடு உள்ள வந்து சேர்ற நேரமும் ஒண்ணு, அதுதான் விஷயமே.

தளம் எவ்வளவு சூட்டைச் சேர்த்து வைக்குதுன்னு ஒரு கணக்கு

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தப்போ நானே கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். பத்துக்குப் பத்து ரூம், மேல அஞ்சு இஞ்ச் கான்கிரீட். அதோட எடை மட்டும் சுமார் 2.8 டன். ஒரு கிலோ கான்கிரீட்டை ஒரு டிகிரி ஏத்த தண்ணிக்குத் தேவைப்படுறதுல அஞ்சுல ஒரு பங்கு வெப்பம் போதும், ஆனா எடை அவ்வளவு இருக்கே. தளம் மொத்தமும் சராசரியா 15 டிகிரி ஏறினா அதுக்குள்ள நுழைஞ்சு உக்காந்திருக்கிற வெப்பம் கிட்டத்தட்ட 10 யூனிட் கரண்டுக்குச் சமம். ஒரு டன் ஏசி முழு வேகத்துல மூணு மணி நேரம் ஓடினாதான் அவ்வளவு வெப்பத்தை வெளிய தள்ள முடியும். அதுல ஒரு பகுதி மேல வானத்துக்குப் போகும், மீதி கீழ நம்ம தலை மேல இறங்கும்.

வெயில் பக்கத்துக் கணக்கும் பாருங்க. நல்ல உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டர்ல சுமார் 1000 வாட் விழுது, அதாவது ஒரு அயர்ன் பாக்ஸ். பத்துக்குப் பத்து கூரை மேல ஒன்பது அயர்ன் பாக்ஸைக் கவுத்து வெச்சு ஆன் பண்ண மாதிரி. பழைய சாம்பல் நிறத் தளம் அதுல ஆறு பங்கை உள்ள வாங்கிக்கும், புதுசா வெள்ளை அடிச்ச தளம் ரெண்டு மூணு பங்குதான் வாங்கும். நம்ம ஊர்ல ஏப்ரல் கடைசி வாரத்துல மதியம் சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல வந்துடும், அதனால கோடையில சுவத்தை விட கூரைதான் ரொம்ப அடி வாங்குது.

அதனால சூடு தளத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே நிறுத்தணும். உள்ள போன பிறகு கீழ என்ன ஒட்டினாலும் அந்த 2.8 டன் கல்லு சூடாத்தான் இருக்கும், அது ராத்திரி முழுக்க எந்தச் சந்து கிடைச்சாலும் அது வழியா வரும். எங்க ஏரியா மேஸ்திரி ஒருத்தர் இதை ஒரே வரியில சொன்னார்: "தம்பி, தளத்து மேல வெயிலு படாம பாரு, அடியில ஒட்டுறதெல்லாம் அப்புறம்." நான் முதல்லயே அவரைக் கேட்டிருக்கணும்.

எந்தப் பொருள் எவ்வளவு கடத்தும்

கடைக்காரர் எதைச் சொன்னாலும் நம்ம கையில சில எண்கள் இருந்தா நல்லது. வெப்பம் கடத்துற திறனுக்கு ஒரு அளவு இருக்கு, எண் பெருசா இருந்தா வேகமா கடத்தும். செம்பு சுமார் 400, அலுமினியம் 200-க்கு மேல, இரும்பு 50-லேர்ந்து 80, நாம வீட்ல பொழங்குற எவர்சில்வர் 15-தான். எவர்சில்வர் பாத்திரத்துக்கு அடியில செம்பு பூசி விக்கிறது இதனாலதான், தீ படுற இடம் மட்டும் கருகாம சூடு அடி முழுக்கப் பரவணும். கான்கிரீட் சுமார் 1.5, கண்ணாடி 1, செங்கல் 0.7, தண்ணி 0.6, மரம் 0.15, தெர்மகோல் 0.035, அசையாத காத்து 0.025.

அந்தக் கடைசி ரெண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்க. தெர்மகோல்ல பெரும்பகுதி காத்துதான், அந்தக் காத்தைச் சின்னச் சின்னக் குமிழ்ல அடைச்சு அசைய விடாம வெச்சிருக்கு, தடுக்குறது அந்தக் காத்துதான். கம்பளி, பஞ்சு, தென்னங்கீத்துக் கூரை, எல்லாத்துலயும் அதே ரகசியம். காத்தை அசைய விட்டா அது சலனத்துல சூட்டைத் தூக்கிட்டுப் போயிடும், அடைச்சு வெச்சா காத்து மாதிரி ஒரு தடுப்பு இல்ல. ஒரு இஞ்ச் தெர்மகோல் தடுக்கிற அளவுக்குக் கான்கிரீட்ல தடுக்கணும்னா மூணு அடிக்கு மேல கனம் வேணும். கான்கிரீட்டைத் தடிமனாப் போட்டா குளுமையா இருக்கும்னு நினைக்கிறவங்க இந்த எண்ணைப் பார்க்கணும், கனம் கூடினா சூடு வர்றது தள்ளிப் போகும், நிக்காது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கயே தீர்த்துடுறேன். ராத்திரி முழுக்க ஒரே ரூம்ல கிடந்த எவர்சில்வர் தட்டையும் மரப் பலகையையும் காலையில தொட்டா தட்டு சில்லுன்னு இருக்கும், பலகை இருக்காது, ஆனா ரெண்டும் ஒரே டிகிரிதான். தட்டு கையோட சூட்டை வேகமா இழுத்துக்குது, பலகை இழுக்கல. அதனால தரை டைல்ஸ் வாங்கும்போது கடையில தொட்டுப் பார்த்து இது கூலிங் டைல்ஸ்னு முடிவு பண்ணாதீங்க, ஏசி கடையில எல்லா டைல்ஸும் சில்லுன்னுதான் இருக்கும்.

வெத்து இடமும் ஃபிளாஸ்கும் நிலாவும்

காத்தே இவ்வளவு தடுக்குதுன்னா காத்தையும் எடுத்துட்டா? அதைத்தான் ஜேம்ஸ் டூவர்ங்கிற விஞ்ஞானி 1892-ல செஞ்சார். ரெண்டு சுவர் உள்ள பாட்டில், நடுவுல காத்தை உறிஞ்சி எடுத்தாச்சு, கடத்தல் இல்ல சலனம் இல்ல. மிச்சம் கதிர்வீச்சு மட்டும், அதைத் திருப்ப கண்ணாடி மேல வெள்ளிப் பூச்சு. நம்ம டீ ஃபிளாஸ்க் அதுதான். அப்படியும் சூடு எங்க தப்பிச்சுப் போகுதுன்னா வாய் வழியாவும் மூடி வழியாவும், அதனால ஃபிளாஸ்க்ல டீய நிரம்ப ஊத்தி உடனே மூடணும், ஊத்துறதுக்கு முன்னாடி கொதிக்கிற தண்ணியால ஒரு தரம் அலசிடணும். உங்க எவர்சில்வர் ஃபிளாஸ்க் கெட்டுப் போச்சான்னு பார்க்க, கொதிக்கிற தண்ணி ஊத்திப் பத்து நிமிஷம் கழிச்சு நடு உடம்பைத் தொடுங்க. வெளிப்பக்கம் சுட்டா நடுவுல காத்து புகுந்துடுச்சு, அதை ரிப்பேர் பண்ண முடியாது.

நிலாவுல இதோட பெரிய உதாரணம் ஒண்ணு கிடைச்சுது. சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23-ல இறங்குச்சு, அந்தத் திட்டத்தோட இயக்குநர் நம்ம விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். விக்ரம் லேண்டர்ல சேஸ்ட்னு ஒரு கருவி, பத்து வெப்ப உணரிகள் உள்ள ஒரு குச்சியை நிலா மண்ணுல இறக்குச்சு. மேல்பரப்புல 50 டிகிரியைத் தாண்டி இருந்துச்சு, வெறும் 8 சென்டிமீட்டர் கீழ மைனஸ் 10. ஒரு சாண் கூட இல்லாத ஆழத்துல அறுபது டிகிரி போல இறங்கிடுச்சு. நம்ம ஊர் மண்ணுல துகளுக்கு நடுவுல காத்தும் ஈரமும் இருக்கும், நிலாவுல துகளுக்கு நடுவுல ஒண்ணுமே இல்ல, துகளும் துகளும் உரசுற சின்னச் சின்னப் புள்ளி வழியாத்தான் சூடு கீழ போகணும், அதான் இந்த நிலைமை. செயற்கைக்கோள் மேல தங்கக் கலர்ல ஒரு உறை சுத்தியிருப்பாங்களே, அதுவும் உலோகம் பூசின மெல்லிசு ஷீட்டுகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அடுக்கி வெச்சதுதான், அங்க இருக்கிற ஒரே எதிரி கதிர்வீச்சு.

இந்த "ஒட்டாம" அப்படிங்கிற சொல்லை மனசுல வெச்சுக்கங்க. என் ஜிப்சம் போர்டு தோத்தது இதனாலதான். ஃபாயிலோட பளபளப்பு, தன் மேல விழற கதிர்ல நூத்துக்கு 95 பங்கைத் திருப்பிடும், தானும் ரொம்பக் கம்மியாத்தான் கதிர் விடும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு இடைவெளி இருந்தாதான் அங்க கதிர்னு ஒண்ணு இருக்கும். இடைவெளி இல்லாம நசுக்கினா அது வெறும் அலுமினியத் தகடு, கடத்தல்ல அது ராஜா. அதனால தகர ஷீட் கூரை போட்டவங்க ஃபாயில் அடிக்கிறதா இருந்தா தகரத்துக்கும் ஃபாயிலுக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு இஞ்ச் காத்து விடச் சொல்லுங்க. பளபளப்பு கீழ பார்த்து இருக்கிறது நல்லது, மேல பார்த்தா தூசி படிஞ்சு ஒரு வருஷத்துல மங்கிடும்.

இப்ப செய்ய வேண்டிய வேலை

என்னைக் கேட்டா முதல் காசு வெள்ளைக்குத்தான் போகணும். பிப்ரவரி மார்ச்ல, மழை வராத ஒரு வாரமாப் பார்த்து, மாடியை நல்லா பெருக்கி, பாசி இருந்தா கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, தண்ணி விட்டுக் கழுவி, ரெண்டு நாள் காய விடுங்க. விரிசல் இருந்தா முதல்ல அதை அடைங்க, வெள்ளை அடிச்சுட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா மழைத் தண்ணி அதுக்குள்ள இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். வாடகை வீடு, கம்மி பட்ஜெட்னா சுண்ணாம்புல கொஞ்சம் வெள்ளை சிமென்ட்டும் பசையும் கலந்து ரெண்டு கோட் அடிக்கலாம், ஆனா அது மழையில கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். கொஞ்சம் செலவு பண்ண முடிஞ்சா மாடிக்குன்னே விக்கிற கூல் ரூஃப் பெயின்ட், ஒரு கோட் காஞ்ச பிறகு குறுக்கு வாட்டுல அடுத்த கோட். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காலையில அடிச்சு முடிங்க, சுடுற தளத்துல அடிச்சா சரியா ஒட்டாம உரியும்.

வெள்ளி கலர் அலுமினிய பெயின்ட் அடிக்கலாமான்னு நிறையப் பேர் கேக்குறாங்க, வெள்ளை மாதிரியே மின்னுதேன்னு. வேண்டாம். வெள்ளை பெயின்ட் வெயிலைத் திருப்பும், அதே சமயம் உள்ள ஏறின சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத கதிரா வானத்துக்கு நல்லா கொட்டியும் விடும். வெள்ளிப் பூச்சு வெயிலை ஓரளவு திருப்பும், ஆனா தன் சூட்டைக் கொட்டத் தயங்கும், அதனால ராத்திரியும் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். பளபளப்பு நல்லதா கெட்டதாங்கிறது அது எங்க இருக்குங்கிறதைப் பொறுத்தது, ஃபாயில் கூரைக்குக் கீழ நல்லது, மாடிக்கு மேல வெள்ளைதான். தெலங்கானா அரசாங்கம் 2023-ல கூல் ரூஃபுக்குன்னே தனியா ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, அவ்வளவு சாதாரணமான செலவுல அவ்வளவு பலன் கிடைக்குது இதுல.

அடுத்தது நிழல். நாலு பைப்பு நட்டு ஏழடி உயரத்துல பச்சை வலை கட்டினா தளத்துல விழுற வெயில்ல பாதிக்கு மேல வலையிலயே நின்னுடும், வலை சூடானாலும் கீழயும் மேலயும் காத்து ஓடுறதால அந்தச் சூட்டைக் காத்து தூக்கிட்டுப் போயிடும். வலையைத் தளத்து மேல அப்படியே விரிக்காதீங்க, அந்த இடைவெளிதான் முக்கியம். கீத்துப் பந்தல் இதை விட நல்லா தடுக்கும், ஆனா மொட்டை மாடியில காஞ்ச கீத்து நெருப்புக்கு ரொம்ப ஆபத்து, தீபாவளி ராக்கெட் ஒண்ணு போதும், நான் அதைச் சொல்ல மாட்டேன். ஜாடிச் செடிகள் இருந்தா வலைக்குக் கீழ வைங்க, இலை விடுற ஈரமும் கொஞ்சம் குளிர்விக்கும், தொட்டிக்கு அடியில செங்கல் வெச்சுத் தூக்கி வைங்க, தண்ணி தேங்கக் கூடாது.

சொந்த வீடு, எப்படியும் மாடியில வெதரிங் கோர்ஸை, அதாவது கான்கிரீட் மேல இருக்கிற ஜல்லி, தட்டோடு அடுக்கை, உடைச்சு மறுபடி போடப் போறீங்கன்னா அப்ப மட்டும் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கு. வாட்டர் ப்ரூஃபிங் பண்ணி, அதுமேல ரெண்டு இஞ்ச் கெட்டியான ஃபோம் பலகை வெச்சு, அதுமேல காரை போட்டுத் தட்டோடு பதிங்க. தளம் வழியா வர்ற வெப்பம் சுமார் ஆறுல ஒரு பங்கா இறங்கிடும். தண்ணி குடிக்காத எக்ஸ்பிஎஸ் பலகையா கேளுங்க, சாதாரண பேக்கிங் தெர்மகோல் வெயிட் தாங்காது, ஈரம் ஏறினா தடுக்குறதும் குறைஞ்சுடும். ரூமுக்குள்ள கூரைக்குக் கீழ சாதாரண தெர்மகோல் ஷீட்டை வெறுமனே ஒட்டுறதை தயவுசெஞ்சு பண்ணாதீங்க, நெருப்பு பட்டா உருகிச் சொட்டும், புகை விஷம், தூங்குற ரூம்ல அது வேண்டவே வேண்டாம்.

சன்னல் விஷயம் சின்னது, ஆனா எல்லாரும் தப்பாப் பண்றது. கண்ணாடிக்கு உள்பக்கம் தடிமனா திரை போடுறாங்க, வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்து திரையில விழுந்து திரை சூடாகி அந்தச் சூடு ரூமுக்குள்ளதான் இருக்கு, கண்ணாடி வெயிலை உள்ள விடும், சூடான பொருள் விடுற கதிரைத் திரும்ப வெளிய விடாது. மேற்குப் பக்கச் சன்னலுக்கு வெளிய மூங்கில் தட்டி கட்டுங்க, வெட்டிவேர்த் தட்டி கிடைச்சா தண்ணி தெளிச்சு விடுங்க, மதியம் ரெண்டு மணியிலேர்ந்து ஆறு வரைக்கும் இறக்கி விட்டாப் போதும்.

சாயங்காலமும் ராத்திரியும்

தளத்துல தண்ணி தெளிக்கிறது பழைய பழக்கம், அதுல நல்ல கணக்கு இருக்கு. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகிப் போகும்போது முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மியா வெப்பத்தைத் தூக்கிட்டுப் போகும். ரூமுக்கு மேல ஒரு பக்கெட் தண்ணி ஆவியானா தளத்துல சேர்ந்த சூட்டுல பெரிய பங்கு போயிடும். ஆனா அது ஆவியாகணும், குழாயைத் திறந்து விட்டு வடிகால்ல ஓட விட்டா தண்ணிதான் வீண். சாயங்காலம் அஞ்சரைக்கு மேல, பழைய சாக்கை விரிச்சு அதை நனைச்சு விடுங்க, ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு தரம். கொதிக்கிற மதியத்துல ஊத்தாதீங்க, தளத்துல விரிசல் விடும். வேலூர், திருச்சி மாதிரி வறண்ட காத்து இருக்கிற ஊர்ல இது நல்லா வேலை செய்யும், சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்துல காத்துலயே ஈரம் இருக்கிறதால மெதுவாத்தான் காயும். பானைத் தண்ணி கடலோரத்துல அவ்வளவு சில்லுன்னு ஆகாததும் அதனாலதான்.

சன்னலை எப்பத் திறக்கணும்னா, வெளியக் காத்து உள்ளக் காத்தை விடக் குளுமையான பிறகு. ரெண்டு தெர்மாமீட்டர்ல ஒண்ணை வெளிய நிழல்ல வெச்சுட்டா சந்தேகமே இல்ல. எங்க வீட்ல அது ராத்திரி எட்டு எட்டரை, அப்ப எல்லா சன்னலையும் திறந்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரு மணி நேரம் ஓட விடுவேன், மேல தேங்கின அனல் அது வழியா போயிடும், கீழ சன்னல் வழியா புதுக் காத்து வரும். காலையில எட்டரைக்கு எல்லாத்தையும் மூடிடணும், பகல்ல காத்து வரட்டும்னு திறந்து வெச்சா வர்றது 40 டிகிரிக் காத்து. கொசு வலை இல்லாத சன்னல்னா முதல்ல வலை அடிங்க, இல்லன்னா கொசுவுக்குப் பயந்து ராத்திரி மூடிடுவோம், மத்த எல்லா வேலையும் வீணாப் போகும்.

மேகம் இல்லாத ராத்திரியில மொட்டை மாடியில படுத்தா சில்லுன்னு இருக்குமே, அதுக்குக் காத்து மட்டும் காரணம் இல்ல, நம்ம உடம்பும் தளமும் வானத்தைப் பார்த்துக் கதிர் விட்டுக்கிட்டே இருக்கு, திரும்பி வர்றது கம்மி. விடியக்காலையில வெளிய நிக்கிற பைக் சீட்ல பனி கோத்து ஈரமா இருக்கும், பக்கத்துல ஷெட்டுக்குள்ள நிக்கிற பைக்ல இருக்காது, அதே காரணம்தான். அதனால பச்சை வலையைச் சுருட்டி விடுற மாதிரி கட்ட முடிஞ்சா சாயங்காலம் சுருட்டிடுங்க, தளம் வானத்தைப் பார்க்கட்டும். எங்க வீட்ல ஒரு பக்கம் கொக்கி வெச்சுத் திரைச்சீலை மாதிரி இழுத்து விடுறோம், அம்மாவே இழுத்து விட்டுடுவாங்க.

செஞ்சு முடிச்ச பிறகு அந்தப் பழைய பேப்பரை எடுத்து மறுபடி அதே நேரத்துல அளந்து எழுதுங்க. எங்க கூரை சாயங்காலம் ஆறு மணிக்கு 41-லேர்ந்து 36-க்கு வந்துச்சு, வெள்ளையும் வலையும் மட்டும், அட்டை டெஸ்ட்ல இப்பப் பெருசா வித்தியாசம் தெரியல. ஜிப்சம் போர்டை இன்னும் கழட்டல, கழட்டும்போது அந்த ஃபாயிலை எடுத்துப் படிக்கட்டு மேல இருக்கிற தகரக் கூரைக்கு அடியில, இந்தத் தரம் ஒரு இஞ்ச் மரச்சட்டம் வெச்சு, இடைவெளி விட்டு அடிக்கப் போறேன். வெள்ளை அடிச்ச மாடி ஒரு மழைக்காலமும் ஒரு தூசிக்காலமும் தாண்டினா மங்கிடும், அதனால வருஷா வருஷம் பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை சோப்புத்தூள் போட்டு மாடியைத் தேய்ச்சுக் கழுவிடுங்க, அதுக்கும் வெளுக்கலைன்னா ஒரு கோட் அடிங்க.